சயாம் ரயில் பாதையில் பிழைத்தவன், ஊர் தள்ளிவைத்த கைம்பெண்: 1946 தஞ்சையில் ஒரு காதல் கதை

வெண்ணாற்றங்கரை:

ஒரு சரித்திரக் காதல் நாவல் எழுதத் தொடங்கியிருக்கிறேன். ராஜா ராணி கதை இல்லை. காலம் 1946. இடம் நீடாமங்கலத்துக்கும் கொரடாச்சேரிக்கும் நடுவே வெண்ணாற்றை ஒட்டிய ஒரு கிராமம்.

அவன் 1937-ல் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவன். ஜப்பான்காரன் மலேயாவைப் பிடித்த பிறகு, தோட்டத்து ஆட்களைச் சயாம்–பர்மா ரயில் பாதை போட வாரிக்கொண்டு போனார்களே, அதில் ஒருவன். கூடப் போனவர்கள் யாரும் பிழைக்கவில்லை. போர் முடிந்து கப்பல் மறுபடி ஓடத் தொடங்கியதும் ஊர் வந்து சேருகிறான். பேச்சு குறைந்துவிட்டது, ராத்தூக்கம் போய்விட்டது.

அவள் நிலமுள்ள கூட்டுக்குடும்பத்தின் இளைய மருமகள். கல்யாணமான சில வருஷத்தில் புருஷன் வாந்திபேதியில் போய்விட்டான். பிள்ளை இல்லை. ஊர் அவளைத் தள்ளிவைத்திருக்கிறது. யாரும் நெருப்பு கொடுக்கக் கூடாது, கிணற்றில் தண்ணீர் எடுக்க விடக் கூடாது, வண்ணார் துணி எடுக்கக் கூடாது என்று கட்டுப்பாடு. ஆற்றங்கரைக் களத்துக் கொட்டகையில் தனியாக இருக்கிறாள்.

இவர்கள் இரண்டு பேரும் சேர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவளை ஊர் ஏன் தள்ளிவைத்தது என்பதற்கு வலுவான காரணம் இன்னும் கிடைக்கவில்லை. அவனுக்குள் இருக்கும் உடைசலை, அதற்கு ஒரு பெயர்கூட இல்லாத காலத்தில், எப்படிக் காட்டுவது என்றும் பிடிபடவில்லை. டெல்டாக்காரர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். வீட்டில் கேட்டது, படித்தது எதுவானாலும் சொல்லுங்கள்.

கதைப்பிரியை:

அக்கா, உடனே எழுதுங்கள்! ஆடிப்பெருக்குக் காட்சி கண்டிப்பாக வேண்டும். ஊர்ப் பெண்கள் எல்லாம் படித்துறையில் காப்பரிசி வைத்துப் படைத்து, மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்வார்கள். கைம்பெண் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. அவர்கள் ஆற்றில் விட்ட காதோலை கருகமணி மிதந்து வந்து, கீழ்ப்பக்கம் தனியாகத் துணி துவைக்கும் அவள் காலடியில் ஒதுங்கட்டும். அவன் அக்கரையில் இருந்து அதைப் பார்க்கட்டும்.

அப்புறம் அவன் காயங்களை அவள் அன்பால் ஆற்ற வேண்டும். பச்சிலை வைத்துக் கட்டுவது, கஞ்சி கொடுப்பது, கெட்ட கனவு கண்டு அலறும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. கொஞ்சம் கொஞ்சமாக அவன் சிரிக்கக் கற்றுக்கொள்கிறான். எனக்கு இப்போதே கண் கலங்குகிறது.

கடைமடை:

வெண்ணாற்றங்கரை அக்கா, என் தாத்தாவின் அண்ணன் சயாம் போய்த் திரும்பியவர். நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார், ஆனால் அம்மா அவர் மடியில் வளர்ந்தவர். அதனால் இந்த இழையை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். பாதை 415 கிலோமீட்டர், தாய்லாந்தில் பான்போங் பக்கம் தொடங்கி பர்மாவில் தன்பியூசயாத் வரை. 1942-ல் வேலை தொடங்கி 1943 அக்டோபரில் இரண்டு முனையும் சேர்ந்தது. வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் 60,000-க்கு மேல் வேலை செய்தார்கள், 12,000-க்கு மேல் செத்தார்கள். அவர்களில் கிட்டத்தட்ட 7,000 பேருக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறை இருக்கிறது. ஆசியக் கூலிகள் செத்தது சுமார் 90,000 என்று மதிப்பிடுகிறார்கள். மலேயாவில் இருந்து போனவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். அவர்களுக்குப் பெயர் பொறித்த கல் இல்லை. கைதிகள் முகாமில் அவர்களுடைய ராணுவ மருத்துவர்களாவது இருந்தார்கள். கூலி முகாம்களில் பெரும்பாலும் அதுவும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம் முகாமாகக் காலியானது.

பெரிய தாத்தாவைப் பற்றி அம்மா சொல்வது இதுதான். ராத்திரியில் எழுந்து வீட்டில் படுத்திருக்கும் எல்லோருடைய பாதத்தையும் தொட்டுப் பார்ப்பாராம், சூடு இருக்கிறதா என்று. துண்டு முனையில் ஒரு பிடி அரிசி எப்போதும் முடிந்திருக்கும். காய்ச்சாத தண்ணீரைச் சாகும்வரை குடிக்கவில்லை. ஊர்க்காரர்கள் "சீமைத் தண்ணி குடிக்கிறவர்" என்று கேலி செய்வார்களாம். அலறியதும் இல்லை, கதை சொன்னதும் இல்லை.

கதைப்பிரியை சொன்ன இடத்தில்தான் எனக்கு மனத்தாங்கல். அந்தப் பெண்ணை அவனுக்கு மருந்தாக்காதீர்கள். பாட்டி பெரிய தாத்தாவோடு முப்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார், பாசமாகத்தான் இருந்தார்கள். கடைசி வரை அவர் பாதங்களைத் தொட்டுப் பார்த்தார். அது ஆறவில்லை. ஆறாமலே அவர்கள் நன்றாக வாழ்ந்தார்கள். காதல் கதைகளில் எப்போதும் உடைந்த ஆண் ஒருவன் வருவான், தியாகம் செய்யும் பெண் ஒருத்தி அவனை ஒட்டவைப்பாள், ஒட்டியதும் கதை முடியும். அவளுக்கு என்று ஒரு இழப்பு, ஒரு கோபம், ஒரு ஆசை எங்கே? நெருப்பும் தண்ணீரும் மறுக்கப்பட்ட ஒருத்தி, இன்னொருவனுக்குக் கஞ்சி காய்ச்சுவதற்காகவா இத்தனை நாள் உயிரோடு இருந்தாள்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். இரண்டு பேரும் என்ன சாதி? நீங்கள் எழுதவே இல்லை. 1946 தஞ்சாவூரில் அதை எழுதாமல் ஒரு பக்கம்கூட நகராது.

வெண்ணாற்றங்கரை:

கடைமடை தம்பி, பாதத்தைத் தொட்டுப் பார்ப்பது என்னை அப்படியே உட்கார வைத்துவிட்டது. நன்றி.

சாதி பற்றி: அவன் சேரியில் பிறந்தவன், அவன் அப்பா அவள் புகுந்த வீட்டுக்கே பண்ணையாள். அவள் பயிர்த்தொழில் செய்யும் நடுத்தரச் சாதி. முதலில் அவளையும் சேரிப் பெண்ணாக நினைத்தேன். ஆனால் உழைக்கும் சாதிகள் பலவற்றில் அறுத்துக் கட்டுகிற வழக்கம் இருந்தது. புருஷன் செத்தால் இன்னொருவனைக் கட்டிக்கொள்ளலாம், பஞ்சாயத்து ஒப்புக்கொள்ளும். கைம்மை என்பது நிலமும் கௌரவமும் கூடக்கூட இறுகும் விலங்கு. அதனால்தான் அவளை மேலே கொண்டுபோனேன்.

பாபநாசம் வக்கீல்:

தள்ளிவைத்ததற்குக் காரணம் தேடுகிறீர்கள். நிலத்தில் தேடுங்கள் அம்மா. அந்தக் காலக் கைம்பெண் வழக்குகளைப் புரட்டினால் ஒழுக்கம் என்று தொடங்கும் புகார் பெரும்பாலும் வேலித்தகராறில் போய் முடியும்.

கூட்டுக்குடும்பத்தில் புருஷன் இறந்தால் பழைய முறைப்படி மனைவிக்கு ஜீவனாம்சம் மட்டும்தான். 1937-ல் ஒரு சட்டம் வந்து புருஷன் பங்கை அவள் ஆயுள் வரை அனுபவிக்கலாம், பாகப்பிரிவினையும் கேட்கலாம் என்றது. ஆனால் விவசாய நிலத்துக்கு அது செல்லாது என்று 1941-ல் பெடரல் கோர்ட் கருத்துச் சொல்லிவிட்டது. தஞ்சாவூரில் விவசாய நிலத்தைக் கழித்துவிட்டால் சொத்து என்று என்ன மிச்சம்? சென்னை மாகாணம் அதை விவசாய நிலத்துக்கும் நீட்டியது 1947-ல். ஆக 1946-ல் உங்கள் நாயகி கஞ்சிக்குக் கையேந்துகிறவள். அடுத்த வருஷம் சட்டம் அவளைப் போன்றவர்களுக்குப் பங்கு கொடுக்கிறது. அவள் புருஷன் முன்பே இறந்தவன் என்பதால் அவளுக்கே அது பொருந்துமா என்று மூத்தார், அதாவது புருஷனின் அண்ணன், வக்கீலைத் தேடி ஓடுவார். புருஷன் சாவை 1947-க்கே தள்ளினால் இந்தச் சிக்கலும் தீர்ந்தது. பங்கை விட்டுக்கொடுத்துக் கைநாட்டு வை என்கிறார், அவள் வைக்கவில்லை. தள்ளிவைக்க இது போதும்.

இன்னும் ஒரு முடிச்சு இருக்கிறது. கைம்பெண் மறுமணச் சட்டம் 1856-லேயே வந்துவிட்டது. அதன் 2-ஆம் பிரிவுப்படி மறுமணம் செய்தால் முதல் புருஷன் வழியில் வந்த சொத்து கைவிட்டுப் போகும், அவள் இறந்துவிட்டதுபோல் எண்ணி அடுத்த வாரிசுக்குப் போகும். அப்படியென்றால் அவள் யாரையாவது கட்டிக்கொண்டு போவது மூத்தாருக்கு லாபம்! ஆனால் கட்டிக்கொள்ளப் போவது தன் பண்ணையாள் மகனை. ஒரு பக்கம் மூன்று வேலி நிலம், சுமார் இருபது ஏக்கர், கைக்கு வருகிறது, இன்னொரு பக்கம் ஊரில் தலைநிமிர முடியாது. அந்த மனிதரின் ஒரு ராத்திரியை நீங்கள் எழுதினால் போதும், உங்கள் நாவலுக்கு வில்லன் தனியாக வேண்டாம்.

கடைமடை:

வக்கீல் ஐயா, அருமை. ஒரு சந்தேகம். அவர்கள் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டால்?

பாபநாசம் வக்கீல்:

நல்ல கேள்வி. 1920-களின் கடைசியிலேயே அத்தகைய திருமணங்கள் தொடங்கிவிட்டன. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் கைம்பெண் மறுமணத்துக்கு ஆதரவாகத் தீர்மானமும் போட்டார்கள். தஞ்சை மாவட்டத்தில் இயக்கம் வலுவாக இருந்தது, அதனால் மாலை மாற்றி வைக்க ஆள் கிடைப்பார்கள். ஆனால் சட்டம் அதைத் திருமணமாக ஏற்றது அண்ணா முதல்வரான பிறகு, 1967-ல் நிறைவேறிய திருத்தத்தால்தான். நடுவில் 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படி ஒரு திருமணம் செல்லாது என்றே தீர்ப்பளித்தது. அப்படியானால் 1947-ல் அவள் மாலை மாற்றிக்கொண்டால், சட்டத்தின் கண்ணில் மறுமணமே நடக்கவில்லை, நிலம் அவளிடமே இருக்க வேண்டும் என்று ஒரு வக்கீல் வாதாட இடம் இருக்கிறது. ஜெயிப்பாரா என்பது வேறு விஷயம். சபையில் "இவள் அவன் பெண்டாட்டி இல்லை" என்று தன் வக்கீலே சொல்வதை அவள் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும்.

பொன்னித்துறை:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். காலத்தை இன்னும் பின்னே தள்ளினால் என்ன? 1781-ல் ஹைதர் அலி படை தஞ்சைக் கோட்டையைத் தவிரச் சீமை முழுவதையும் சூறையாடியது. கால்வாய்களை உடைத்தார்கள், மாடுகளையும் ஆட்களையும் ஓட்டிக்கொண்டு போனார்கள், ஊர் ஊராகப் பஞ்சம். பிழைத்தவன், கைம்பெண் இரண்டுமே அங்கே இயல்பாக வரும்.

வெண்ணாற்றங்கரை:

ஹைதர் படையெடுப்பின் கலாபக் காலம் பெரிய கதைதான், யாராவது எழுத வேண்டும். எனக்கு ஒரு பேத்தி கேட்டுச் சொல்லக்கூடிய தூரத்தில் காலம் இருக்க வேண்டும். கடைமடை வீட்டில் அந்த மனிதரைத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய பொறுப்பாகத் தெரிகிறது.

மீட்டர்கேஜ்:

ரயில் பைத்தியமான என்னிடம் ஒரு தகவல் இருக்கிறது. சயாம்–பர்மா பாதை மீட்டர் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர். 1946-ல் தஞ்சாவூர்–திருவாரூர்–நாகப்பட்டினம் வழியும் மீட்டர் கேஜ்தான். நாகப்பட்டினத்தில் கப்பல் இறங்கி நீடாமங்கலம் போக அவன் ஏற வேண்டிய வண்டி, அவன் கையால் போட்ட அதே அகலத் தண்டவாளத்தில் ஓடுகிறது. தண்டவாளத்தின் நடுவே நின்றால் கால் தானாக அந்த அளவை உணரும், ஸ்லீப்பர் கட்டை தூக்கிய தோளுக்கும் தெரியும். உங்கள் ஊர் பாதையை ஒட்டி இருப்பதால் ராத்திரி வண்டிச் சத்தம் அவனை விடாது. அவன் வண்டி ஏறாமல் நடந்தே வரலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நாகூர்ப்பெண்:

வெண்ணாற்றங்கரை லாத்தா, துறைமுகத்தை அப்படியே தாண்டிவிடாதீர்கள். எங்கள் பக்கத்தில் மலேயா போய் வந்தவரைச் சபராளி என்போம். சபராளி வருகிறார் என்றால் பெட்டி, ஜவ்வாது வாசம், சிங்கப்பூர் கைலி என்று தெருவே காத்திருக்கும். ரஜூலா கப்பல் வரும் நாள் எங்கள் ஊருக்குப் பெருநாள் மாதிரி என்று பெரியம்மா சொல்வார்கள். அப்படிப்பட்ட கரையில் வெறுங்கையோடு, புண் ஆறிய தழும்புக் காலோடு ஒருவன் இறங்குகிறான். மடியில் ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டு மட்டும் இருக்கிறது, 1945-லேயே அது வெறும் காகிதம்.

அவன் உடைசலுக்குப் பெயர் இல்லை என்றீர்கள். ஊர் ஒரு பெயர் வைக்காமல் விடாது. காத்துக்கருப்பு என்பார்கள், பயந்த கோளாறு, சித்தப்பிரமை என்பார்கள். அவன் அம்மா முதலில் நாகூர் தர்காவுக்குத்தான் அழைத்து வருவாள், எந்தச் சாதி மதம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். பிறகு சித்தம் கலங்கியவர்களை அழைத்துப் போகும் குணசீலம் பெருமாள் கோயிலுக்குப் போகலாம் என்று யாராவது சொல்வார்கள்.

பொன்னித்துறை:

குணசீலத்தைவிடத் திருவிடைமருதூர் பொருந்தும். வரகுண பாண்டியன் குதிரையில் வரும்போது தெரியாமல் ஒரு அந்தணன் மிதிபட்டு இறந்தான், பிரம்மஹத்தி விடாமல் தொடர்ந்தது. கிழக்கு வாசலில் அவன் நுழைந்ததும் அது வெளியிலேயே நின்றுவிட, மேற்கு வாசல் வழியாக அவன் வெளியேறினான். இன்றும் போன வழியில் திரும்பக் கூடாது என்பார்கள். கூட இருந்தவர்கள் எல்லாம் செத்து, தான் மட்டும் பிழைத்த குற்ற உணர்ச்சி உள்ளவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அவள் அழைத்துப் போகட்டும்.

கடைமடை:

அவனால் உள்ளே போக முடியாது ஐயா. 1939-ல் மதுரையிலும் தஞ்சைப் பெரிய கோயிலிலும் திறந்துவிட்டார்கள், சரி. சென்னை மாகாணம் முழுக்க எல்லாக் கோயிலும் திறக்கச் சட்டம் வந்தது 1947-ல். 1946-ல் அவன் போனால் கிழக்கு வாசலுக்கு வெளியே, பிரம்மஹத்தி நிற்கிற இடத்தில்தான் அவனும் நிற்க வேண்டும்.

பொன்னித்துறை:

இதை நான் யோசித்திருக்கவே மாட்டேன். அந்தக் காட்சியை அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

கதைப்பிரியை:

எல்லோரும் இவ்வளவு விவரம் சொல்கிறீர்கள், படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கடைமடை அண்ணா சொன்னதை ஏற்கிறேன், அவள் நர்ஸ் ஆக வேண்டாம். அதற்காகக் கடைசியில் இருவரையும் கொன்றுவிடாதீர்கள். சாதி மாறிக் காதலித்தால் ஆற்றில் பிணம் மிதந்தே தீரும் என்று எல்லாக் கதையிலும் படித்துவிட்டேன். நான் காதல் கதை படிப்பவள், இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே சோறு பொங்கிச் சாப்பிட்டார்கள் என்று முடிந்தால்தான் எனக்கு அது காதல் கதை. அவ்வளவு பட்டவர்களுக்குக் கதையில்கூட ஒரு வீடு கிடைக்கக் கூடாதா?

கடைமடை:

தங்கச்சி, நீ சொல்வது நியாயம். அவர்கள் வாழத்தான் வேண்டும், நானும் அதையே விரும்புகிறேன். ஆனால் அவர்கள் ஓடிப்போன ராத்திரி சேரியில் இருக்கிறவர்களுக்கு என்ன ஆகும்? கதைகளில் காதலர்கள் ரயிலேறியதும் கேமரா அவர்களோடு போய்விடுகிறது. அடி வாங்குவது அவன் அப்பனும் தங்கையும். அந்தக் காலத்தில் பண்ணையாளுக்குச் சாட்டையடியும், சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பாலும் சாதாரணத் தண்டனை. மன்னார்குடி பக்கம் தென்பரையில் 1943-ல் விவசாயிகளின் செங்கொடிச் சங்கம் தொடங்கி, கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் ஊர் ஊராகப் போய், அதை எதிர்த்து நிற்கத் தைரியம் வந்தது. அவன் திரும்பி வரும் 1946-ல் அவன் விட்டுப் போன சேரி இல்லை அது. அவன் தங்கை சங்கத்தில் இருக்கலாம். இவர்கள் சேருவதைச் சங்கம் எப்படிப் பார்க்கும்? கூலிப் போராட்டத்தின் நடுவே இது வந்தால் மிராசுக்கு வாய்க்கு அவல் போட்டதுபோல் ஆகிவிடும் என்று ஒரு தோழர் நிச்சயம் சொல்வார், அவர் சொல்வதும் தப்பில்லை. அவர்கள் காதல் மற்றவர்களுக்கு வைக்கும் விலையை அவர்கள் தெரிந்தே பேச வேண்டும். அதைப் பேசிவிட்டு அவர்கள் வாழட்டும், எனக்கு முழுச் சம்மதம்.

போக இடம் வேண்டுமென்றால் திருச்சி பொன்மலை ரயில்வே பட்டறைப் பக்கம் போகலாம். 1946 செப்டம்பரில் துப்பாக்கிச் சூடு நடந்து தொழிலாளர்கள் செத்த இடம்தான், ஆனால் யார் என்ன சாதி என்று கிராமம் போலத் துருவாத இடம். ஒருவேளை அவனுக்கு ரயில் பக்கமே வேண்டாம் என்றால் நாகப்பட்டினம்.

வெண்ணாற்றங்கரை:

எல்லோருக்கும் நன்றி. கதையை 1947-க்கு நகர்த்துகிறேன். நிலச் சட்டம், கோயில் சட்டம் இரண்டும் அந்த வருஷம் வருவது தற்செயல் என்றாலும், இரண்டு பேருக்கும் காகிதத்தில் ஒரு கதவு திறந்து ஊரில் திறக்காமல் இருக்கும் வருஷம் அது. புருஷன் சாவும் அந்த வருஷத்துக்கே வருகிறது, கைம்மை இன்னும் பச்சையாக இருக்கும்.

அவர்கள் எப்படி நெருங்குகிறார்கள் என்பது நேற்று ராத்திரி பிடிபட்டது, கடைமடை வீட்டுத் தண்ணீரில் இருந்து. அவளுக்குக் கிணறு இல்லை, அவனுக்கும் ஊர்க் கிணறு இல்லை. இரண்டு பேரும் ஆற்றில் எடுக்கிறார்கள். அவன் காய்ச்சாமல் குடிப்பதில்லை. அவள் நாட்கணக்கில் பார்த்துவிட்டு, ஏன் என்று கேட்கிறாள். அவன் முகாமைப் பற்றி எதுவும் சொல்லாமல், "காய்ச்சிக் குடிச்சவங்க கொஞ்சம் பேரு பொழைச்சாங்க, பேதி தண்ணியில வருது" என்கிறான். அவ்வளவுதான் அவன் பேச்சு.

புருஷனை முழுங்கியவள், ராசியில்லாதவள் என்று கேட்டுக் கேட்டு, அவளும் அதை உள்ளுக்குள் நம்பத் தொடங்கியிருக்கிறாள். செத்தது தண்ணீரால் என்று முதல்முறையாக ஒருவன் சொல்கிறான். அவளுக்கு ஆறுதல் வராது, கோபம்தான் வரும். அன்றைக்குத்தான் மூத்தாரிடம் போய்க் கைநாட்டு வைக்க மாட்டேன் என்கிறாள். காதல் அதற்குப் பிறகு வருகிறது, அவள்தான் முதலில் கேட்கிறாள். அவன் ராத்திரியில் அவள் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பது கடைசி அத்தியாயத்திலும் நிற்காது. கதைப்பிரியை, ஒரே கூரைதான், சோறும் உண்டு.

கடைமடை, உங்கள் பெரிய தாத்தாவின் தண்ணீரை நான் எடுத்துக்கொள்ளலாமா?

கடைமடை:

எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா. அம்மாவிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார்கள். அவரை வீரனாக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லச் சொன்னார்கள். அவர் தண்ணீர் காய்ச்சியது செம்பில் இல்லை, மலேயாவில் இருந்து கொண்டுவந்த பால் டின்னில். கம்பி கட்டிக் கைப்பிடி போட்டது. எழுதும்போது அதைத் தப்பாகப் போட்டுவிடாதீர்கள். தண்ணீர்க் காட்சி வரும் அத்தியாயத்தை முதலில் இங்கே போடுங்கள், அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறேன், வேறு ஏதாவது ஞாபகம் வந்தால் அவர்களே சொல்வார்கள்.